‘அதிகாரமளித்தல்’ எங்கே பொருந்தும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயிற்சி முடித்த மகளிர்க்குத் தையல் இயந்திரம் வழங்கிய விழா பற்றிய செய்திக்குத் தங்கள் நாளிதழ் ‘பெண்களுக்கு அதிகாரமளிப்பு’ என்று தலைப்பிட்டிருந்தது. சுற்றறிக்கைகளையும் தொண்டு நிறுவன அறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவதே என் தொழில். நாள்தோறும் பலமுறை இந்தச் சொல்லை நானும் எழுதுகிறேன். ஒவ்வொரு முறையும் அது உறுத்துகிறது.

இந்தச் சொல்லுக்கு மூலமான ‘எம்பவர்’ என்ற ஆங்கில வினை 17-ஆம் நூற்றாண்டில் சட்டச் சொல்லாகவே புழங்கியது. தமக்குள்ள அதிகாரத்தில் ஒரு பங்கை இன்னொருவரிடம் முறைப்படி ஒப்படைத்தல் என்பது அதன் பொருள். ‘அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர்’ என்று நாம் எழுதுவது இந்தப் பொருளில்தான். அங்கே தமிழ்ச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒடுக்கப்பட்டோர் தம் வாழ்வைத் தாமே தீர்மானிக்கும் வலிமை பெறுதல் என்ற பொருள் பரவலானது பிற்காலத்தில். அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே ஆற்ற வேண்டிய சமூகப் பணி குறித்து, இந்தப் பொருளில் அதைக் கையாண்டு பார்பரா சாலமன் எழுதிய நூல் 1976-இல் வந்தது. 1995-இல் பெய்ஜிங் மகளிர் மாநாட்டுப் பிரகடனத்தில் அது முதன்மைச் சொல்லாக அமர்ந்தது. இந்தியாவில் 1998-இல் நல அமைச்சகத்தின் பெயரே ‘சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகம்’ என்றாயிற்று. ஆங்கிலத்தில் இரு பொருளும் ஒரே வினைக்குள் அடங்கிவிட்டதால், தமிழிலும் சட்டத்துக்கு வைத்திருந்த சொல்லையே இரண்டுக்கும் போட்டுவிட்டோம்.

இந்தியில் ‘அதிகார்’ என்றால் உரிமை. நம் வீடுகளிலோ ஒரு பெண்ணைப் பார்த்து ‘ரொம்ப அதிகாரம் பண்றா’ என்றால் அது வசவு. விழா மேடையில் வாழ்த்தாகக் கேட்ட அதே சொல்லை வீட்டு வாசலில் ஏச்சாகக் கேட்கும் பெண், தனக்கு எதைக் கொடுத்தார்கள் என்று எப்படிப் புரிந்துகொள்வாள்?

சொல்லின் பின்பாதி இன்னும் கவனிக்கத்தக்கது. கொடுத்தலைக் குறிக்கும் சொற்களில் யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்பதைத் தமிழ் நெடுங்காலமாகவே குறித்துவைத்திருக்கிறது. ஈ என்பது தாழ்ந்தோன் கேட்கும் சொல், தா என்பது ஒப்போன் கேட்கும் சொல், கொடு என்பது உயர்ந்தோன் கேட்கும் சொல் என்று தொல்காப்பியம் எச்சவியலில் பிரிக்கிறது. ‘அளி’ என்பதற்கோ அருள், இரக்கம் என்பது பழம்பொருள். ‘கொடையளி செங்கோல் குடியோம்பல்’ என்று வள்ளுவர் அதை வேந்தனின் குணங்களுள் ஒன்றாகவே வைக்கிறார். இன்று ‘பேட்டி அளித்தார்’ என்று எழுதும்போது அந்தப் பொருள் மங்கியிருக்கலாம். விழா மேடையில் அது முழுதாக உயிர்பெற்றுவிடுகிறது. அளிப்பவர் நடுவில் நிற்க, பெறுபவர்கள் வரிசையாக வந்து, படம் எடுத்து முடியும்வரை உறையைப் பிடித்தபடி நின்று நகர்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இலங்கைத் தமிழர்கள் எழுதும் ‘வலுவூட்டல்’ இதைவிட எனக்கு உவப்பானது. பயிற்சிக்கும் கடனுதவிக்கும் அது பொருந்தும். ஆனாலும் ஊட்டுகிற கை அதிலும் ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

அதிகாரம் என்ற சொல் முழுப் பொருளோடு நிற்கும் இடமும் உண்டு. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் ஊராட்சிகளில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் கிடைத்தன. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்த்தப்பட்டது. (அதே திருத்தம், 29 துறைகளைப் பட்டியலிட்டுவிட்டு, அவற்றில் எந்தெந்தப் பொறுப்புகளை ஊராட்சிகளுக்குத் தருவது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கே விட்டது. ‘வழங்கலாம்’ என்பதற்கும் ‘வழங்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதை ஊராட்சித் தலைவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.) எங்கள் ஊர்க் கிராம சபையில் ஒருமுறை பெண் தலைவர் வரவுசெலவைத் தாமே வாசித்தார். பக்கத்தில் நின்றவர் தாளை வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோது, ‘நானே படிக்கிறேன்ணே’ என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். புதிய குடிநீர்க் குழாய் முதலில் காலனிக்குப் போக வேண்டும் என்றார்; வாக்குவாதத்துக்குப் பிறகு தீர்மானம் அப்படியே எழுதப்பட்டது. அன்று அந்தக் கூட்டத்தில் ‘அதிகாரமளித்தல்’ என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை.

இதற்காகப் புதிய கலைச்சொல் ஒன்றை உருவாக்கச் சொல்லி நான் எழுதவில்லை. மாநில அரசின் துறை ‘சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை’ என்றும், 2023-இல் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் ‘உரிமைத் தொகை’ என்றும் பெயர் பெற்றன. ‘உதவித் தொகை’ என்று எழுதிப் பழகிய கைக்கு அந்த ஒரு சொல் மாற்றம் பெரிது. தங்கள் இதழும் இயந்திரம் கிடைத்தால் ‘இயந்திரம் பெற்றனர்’ என்றும், கடன் கிடைத்தால் ‘கடன் பெற்றனர்’ என்றும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டுகிறேன். அதே இயந்திரத்தில் தைத்த ரவிக்கைக்குக் கூலி இவ்வளவு என்று தாமே சொல்லி, வந்த பணத்தை என்ன செய்வது என்பதையும் தாமே முடிவு செய்யும் பெண்ணைத் தங்கள் நிருபர் சந்தித்து எழுதினால், அந்தச் செய்திக்கு அதிகாரம் என்ற சொல்லைத் தயங்காமல் தலைப்பாக இடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை மாவட்டம்