வன்னி மரத்தைக் காட்டாத பாலைவனச் சஃபாரி

ஆசிரியருக்கு வணக்கம்.

துபாய் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, பாலைவனச் சஃபாரியை, அதாவது மணல்மேடுகளில் வண்டியில் சுற்றிவரும் பயணத்தை, கட்டாயம் பார்க்க வேண்டியவற்றின் வரிசையில் முதலில் வைத்திருந்தது. இங்கே வேலை பார்க்கும் எங்களுக்கு அது ஏறக்குறைய ஒரு சடங்கு. ஊரிலிருந்து யார் வந்தாலும் உயரமான கோபுரம், பெரிய மால், அப்புறம் மணல். சென்ற குளிர்காலத்தில் கல்லூரி நண்பர் ஒருவர் வந்தபோதும் அதேதான் நடந்தது. கட்டுரையில் விடுபட்ட சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். லஹ்பாப் பக்கத்துச் சிவப்பு மணல்மேடுகளில் வண்டி ஏறி இறங்குவதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. தார்ச்சாலை முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் காற்றை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறார்கள். டயர் தட்டையாகி அகலமாகப் படிந்தால்தான் மணலில் புதையாது. மேட்டின் உச்சியை நெருங்கும்போது வேகம் குறைந்தால் வண்டியின் அடிப்பகுதி தட்டி நின்றுவிடும். கூடிவிட்டாலோ, மறுபுறம் பள்ளமா சரிவா என்று தெரியாமலே பாய வேண்டியதுதான். எங்கள் ஓட்டுநர் இத்தனையையும் நண்பரோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே செய்தார். நண்பருக்குப் பேசத்தான் முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் இந்தக் குலுக்கல் எல்லோருக்கும் ஆகாது. கர்ப்பிணிகள், முதுகுத்தண்டில் கோளாறு உள்ளவர்கள், இதய நோயாளிகள் தவிர்ப்பது நல்லது. பதிவு செய்தபோது எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கடைசி இருக்கையில் வந்த பெரியவர் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். அவருக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சஃபாரி போய்ச் சேரும் முகாமுக்கு நேராகப் போய் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு எரிச்சல் தொடங்குவது அந்த முகாமில்தான். அங்கே நடந்த பெல்லி நடனமும், பல வண்ணப் பாவாடை சுழலும் தனூராவும் எகிப்து வழி வந்தவை. அமீரகத்துக்கென்று ஆட்டமே இல்லையா என்ன? மெல்லிய கழிகளை ஏந்தி இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று ஆடும் அய்யாலா இருக்கிறது. 2014இல் ஓமனோடு சேர்ந்து யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பிடித்த கலை அது. பாலைவன நாடோடிகளான பதூயின் பெண்கள் ஆட்டு ரோமத்திலும் ஒட்டக ரோமத்திலும் நெய்யும் சதூ, அழிந்துவிடும் அபாயத்தில் இருப்பதாக 2011லேயே அதே அமைப்பின் அவசரப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்று மாலை இரண்டையும் நாங்கள் பார்க்கவில்லை. கண்ணுக்குத் தோல் குல்லாய் மாட்டிய ராஜாளியை மட்டும் கைமாற்றிக் கைமாற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளூர்த்தன்மையோடு இருந்தது பேரீச்சம்பழமும் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் மட்டுமே. போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். நண்பருக்கு அது தெரியாததால் கிண்ணம் நிரம்பிக்கொண்டே இருந்தது.

நண்பர் என் எரிச்சலை ஒப்புக்கொள்ளவில்லை. "நான் சுற்றுலாப் பயணி. ஆட்டம் எகிப்தாக இருந்தால் எனக்கென்ன? உனக்குத்தான் இந்த நாடு பழகிவிட்டது" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரே, முகாமுக்குப் போகும் வழியில் தனியாக நின்ற ஒரு மரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னவர். காரணம், அது வன்னி. விருத்தாசலம் கோயிலில் தலமரமாக நிற்கும் அதே வன்னிதான் இங்கே காஃப் என்ற பெயரில் அமீரகத்தின் தேசிய மரம். வேரை மிக ஆழத்துக்கு அனுப்பி நிலத்தடி நீரைத் தேடிக்கொள்ளும். ஒட்டகங்களும் ஆடுகளும் இதன் இலையையும் காயையும் தின்னும். வெயிலில் நடந்தவர்களுக்கு நிழலும் இதுதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் கண்மாய்களை நிரப்பிய சீமைக் கருவேலம் இதற்கு நெருங்கிய உறவு. அதுவும் இங்கே வந்து பரவி வன்னியை நெருக்குகிறது. இதையெல்லாம் சொல்ல வழிகாட்டிக்கு ஐந்து நிமிடம் போதும். எங்கள் வண்டி நின்றதோ, நண்பர் கேட்டுக்கொண்டதால்தான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதி 225 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. எமிரேட்டின் நிலத்தில் ஏறக்குறைய 5 சதவீதம். அனுமதி பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே அங்கே பயணிகளை அழைத்துப்போகலாம்; வண்டிகளும் குறித்த தடங்களில்தான் ஓட வேண்டும். அங்கே திரியும் அரேபிய ஓரிக்ஸ், நீண்ட கொம்புள்ள வெள்ளை விலங்கு, 1972இல் இயற்கை வாழிடங்களில் அற்றுப்போனது. கூண்டில் வளர்த்த விலங்குகளைக் கொண்டு 1982இல் ஓமனில் மீண்டும் விட்டார்கள். பிறகு மற்ற நாடுகளிலும். இன்னொரு நாள் காலையில் நண்பரை அங்கே கூட்டிப்போனேன். ஓரிக்ஸ் கூட்டத்தை நெடுநேரம் பார்த்தார். ஆனாலும் எது பிடித்தது என்று கேட்டால் இன்றைக்கும் மணல்மேட்டுக் குலுக்கலைத்தான் சொல்கிறார்.

அடுத்த முறை இப்படியொரு கட்டுரை வெளியிடும்போது, பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவற்றையும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். வண்டி எந்தப் பகுதிக்குப் போகிறது, குலுக்கல் வேண்டாம் என்பவர்களுக்கு என்ன ஏற்பாடு, எல்லா இருக்கையிலும் பெல்ட் இருக்கிறதா என்று வாசகர்கள் கேட்கட்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வருவதே உத்தமம். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும். மணலில் ஓட்டும் நான்கு சக்கர குவாட் பைக்குக்கும் ராஜாளிப் படத்துக்கும் தனித்தனியாக திர்ஹாம் எடுத்து வைக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

இப்படிக்கு,
துபாய் வாசகர் ஒருவர்