ஐட்லிங் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய டீசல் கார் என்ஜின் ஓடியபடி நிற்கும்போது (ஐட்லிங்) குலுங்கினாலோ, ஆர்பிஎம் (என்ஜின் சுற்று வேகம்) ஏறி இறங்கி ‘ஹன்டிங்’ அடித்தாலோ, டீசல் பம்பில் அந்த வேகத்தை வைக்கும் ஐட்லிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று ஏற்றிவிட்டு வண்டியை அனுப்பிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. குலுக்கல் அடங்கினாற்போல் தெரியும், ஆனால் பழுது அப்படியே இருக்கும். இந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம். மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத மெக்கானிக்கல் பம்ப் உள்ள வண்டிகளைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

பெரும்பாலான டீசல் என்ஜின்களில் காற்றை அடைத்துத் திறந்து வேகத்தை வைப்பதில்லை. எவ்வளவு டீசல் போகிறதோ அவ்வளவு வேகம். சுற்று குறைந்தால் பம்புக்குள் இருக்கும் கவர்னர் டீசலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். டீசலோடு காற்று கலந்து வந்தால் ஒரு கணம் சுற்று விழும், கவர்னர் அதிகமாக ஊற்றும், சுற்று எகிறும், மறுபடி விழும். ஹன்டிங் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதனால் முதலில் தேட வேண்டியது காற்றை.

பம்புக்கு டீசல் வரும் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு அடி நீளத்துக்கு, டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற ஹோஸைப் போட்டு ஓடவிடுங்கள். ஸ்டார்ட் செய்ததும் சில குமிழிகள் வரும், அது பரவாயில்லை. இரண்டு மூன்று நிமிடம் கழித்தும் சரம் சரமாக வந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும். ஈரம் இல்லையே என்று பலர் ஏமாறுவது இங்கேதான். ஃபில்டர் தலையின் ரப்பர் ரிங், டீசலைக் கையால் அடித்து ஏற்றும் ஹேண்ட் பிரைமர், ஹோஸ் கிளிப் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைத்து, மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் நூல் பின்னிய ரிட்டர்ன் ஹோஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் எல்லாத் துண்டுகளையும் கடைசி இன்ஜெக்டரின் மூடியையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்தது விடும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே பிஸ்டனால் டீசலைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் வகை பம்பில், டீசல் திரும்பிப் போகும் துளையுள்ள போல்ட்டின் (ரிட்டர்ன் பேங்கோ போல்ட்) தலையில் ‘அவுட்’ என்று பொறித்திருக்கும், உள்ளே ஊசித் துவாரம் இருக்கும். அதை வரும் பக்கத்து போல்ட்டோடு மாற்றிப் பூட்டினால் பம்புக்கு டீசல் போதாது. வாஷர்கள் ஒவ்வொரு முறையும் புதிது.

குமிழி இல்லை, ஆனாலும் மூச்சுத் திணறுகிறதா? சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் டீசல் எடுத்து, பம்பை விட உயரத்தில் வைத்து, வரும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் அதிலேயே விடுங்கள். ஐட்லிங் சீரானால் கோளாறு டேங்க், அதற்குள் உள்ள வடிகட்டி, ஃபில்டர் பக்கம்.

ஒரே தாளத்தில் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. என்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டை, பெரும்பாலும் 17 எம்எம், துணி சுற்றி அரைச் சுற்று மட்டும் தளர்த்தி, உடனே இறுக்குங்கள். எதன் நட்டைத் தளர்த்தும்போது என்ஜின் வேகம் மாறவில்லையோ அதுதான் சோம்பேறி சிலிண்டர். பிறகு இன்ஜெக்டரின் முனையான நாசில், கம்பிரஷன், வால்வ் இடைவெளி என்று போகலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அதன் அழுத்தம் உயிருக்கு ஆபத்து.

காலையில் மட்டும் வெள்ளைப் புகையோடு குலுங்கி, ஓரிரு நிமிடத்தில் சரியானால் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் ஏறத்தாழ ஒரு ஓம் காட்ட வேண்டும். முடிவே இல்லாமல் காட்டினால் பிளக் போய்விட்டது.

இவையெல்லாம் சரியான பிறகே ஸ்க்ரூ. என்ஜின் நன்றாகச் சூடாகி, ஏசியும் விளக்கும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டர் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கட்டும், குளிரில் கிளப்ப உதவும் கோல்ட் ஸ்டார்ட் லீவர் முழுவதும் பின்வாங்கியிருக்கட்டும். டீசலில் ஸ்பார்க் இல்லாததால் ஸ்பார்க்கை வைத்துச் சுற்று எண்ணும் பெட்ரோல் டாக்கோமீட்டர் உதவாது. கிராங்க் புல்லியில் ஒளிரும் டேப் ஒட்டி ஆப்டிகல் டாக்கோ வைத்துப் பாருங்கள். பல வண்டிகளுக்கு 750 முதல் 850 ஆர்பிஎம் வரை, சரியான எண் வண்டியின் கையேட்டில் இருக்கும். லாக் நட்டைத் தளர்த்திக் கால் சுற்று திருப்பி, ஒருமுறை ரேஸ் செய்து விட்டு மறுபடி படியுங்கள். சீல் வைத்த ஸ்க்ரூ அதிகபட்ச வேகத்துக்கானது. அதைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் வேலை செய்யும் வாசகர்