'திடீரென்று' வராத கதை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வாராவாரம் வரும் பிள்ளைகளின் கதைகளை ஒன்று விடாமல் படிக்கிறேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், பழக்கம் போகவில்லை, கையில் சிவப்புப் பேனா இல்லாவிட்டாலும் கண் அடிக்கோடு போட்டுக்கொண்டே போகிறது. போன வாரம் வந்த மூன்று கதைகளில் மட்டும் 'திடீரென்று' 9 இடத்தில் இருந்தது. திடீரென்று பாம்பு வந்தது, திடீரென்று கரண்ட் போனது, திடீரென்று கண் விழித்துப் பார்த்தால் அத்தனையும் கனவு. முடிவில் 'நீதி' என்று போட்டு ஒரு வரி.

பிள்ளைகள் மேல் தப்பில்லை. கதையைப் படிக்கச் சொல்கிறோம், மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், ஆங்கிலத் தாளில் நாலைந்து குறிப்பைக் கொடுத்து விரித்து எழுதச் சொல்கிறோம். ஒரு கதை எப்படி நகர்கிறது, படிக்கிறவன் ஏன் அடுத்த பக்கத்தைத் திருப்புகிறான் என்று உட்கார்ந்து பேசியதே இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

இப்போது அங்கங்கே கோடை விடுமுறையில் கதைப் பட்டறை நடத்துகிறார்கள், நல்ல விஷயம். ஆனால் போய்ப் பார்த்தால் கரும்பலகையில் ஒரு முக்கோணம். ஏற்றம், உச்சம், இறக்கம். அது ஜெர்மனிக்காரர் குஸ்தாவ் ஃப்ரைடாக் 1863-இல் ஐந்து அங்க நாடகங்களை அலசி வைத்த கணக்கு. அதைக் கொண்டுவந்து இரண்டு பக்கக் கதை எழுதும் ஏழாம் வகுப்புப் பையனிடம் கொடுத்தால் அவன் முக்கோணத்தை அழகாக வரைகிறான், கலர் அடிக்கிறான், கதை மட்டும் வருவதில்லை.

இதைவிட நமக்குக் கிட்டத்தில் ஒன்று இருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளர்கிற ஐந்து கட்டங்களை, பயிரை வைத்துத்தான் சொல்கிறார். உழுத நிலத்தில் போட்ட விதை முளைப்பது முகம். இலை விட்டு நாற்றாவது பிரதிமுகம். உள்ளே பொருளைப் பொதிந்து வைத்துக்கொண்டு முற்றி நிற்பது கருப்பம். கதிர் வெளியே வந்து தலை சாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவது துய்த்தல். காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைக்கு இதை விளக்கவா வேண்டும்? எனக்கு இதில் பிடித்தது நடுவில் வரும் கருப்பம்தான். கதிர் உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, மேலே கார்த்திகை மழை கறுத்து நிற்கிறது. அந்த நேரத்தில் வரப்பில் நிற்கிற ஆளின் மனசுதான் சஸ்பென்ஸ். போடாத விதை முளைக்காது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தில் பாம்பு வரவேண்டுமானால் முதல் பக்கத்தில் ஒரு பாம்புச் சட்டையாவது கிடக்க வேண்டும்.

சஸ்பென்ஸ் என்றால் மறைப்பது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், வாத்தியார்களும்தான். பாதிக்கு மேல் அது முன்கூட்டியே சொல்லிவிடுவதில் இருக்கிறது. துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எங்கோ தூரத்தில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று அர்த்தம், கடலூரில் யாரும் கண்டுகொள்வதில்லை. 3 ஏற்றினால் டீக்கடையில் பேச்சு கிளம்பும். 8, 9, 10 என்றால் பெரிய அபாயம். அதற்கும் மேலே 11 என்று ஒன்று உண்டு, வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு நல்ல கதை ஏணி இது! வகுப்பில் நான் 'உன் கதையில் இப்போ எத்தனாம் நம்பர் கூண்டு?' என்றுதான் கேட்பேன். முதல் வரியிலேயே 10 ஏற்றிவிட்டு அப்புறம் போக இடமில்லாமல் முழிப்பவர்கள் நிறைய.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பள்ளி திறந்ததும் அதைப் பற்றி எழுதச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லா நோட்டிலும் 'திடீரென்று புயல் வந்தது'. அடப்பாவிகளா, முந்தின நாளெல்லாம் டிவியில் அதைத்தானே காட்டிக்கொண்டிருந்தார்கள்! அந்தச் சொல் வரக்கூடாது, முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெண் இப்படி எழுதினாள்: அப்பா படகை மேட்டில் ஏற்றிக் கட்டினார், அம்மா ரேஷன் கார்டை பிளாஸ்டிக் பையில் சுற்றினாள், எல்லோரும் கிளம்பினோம், கொல்லையில் கட்டியிருந்த ஆட்டை யாரும் அவிழ்க்கவில்லை. அதோடு ஆட்டைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டாள். ஒரு பக்கம் முழுக்கக் காற்று, தகரம் பறக்கிற சத்தம், தம்பிக்குப் பால் இல்லாதது. அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் பொறுக்கமாட்டாமல் 'சார், ஆடு என்னாச்சு சார்?' என்றான். ஆடு மறுநாள் இரண்டு தெரு தள்ளி வேறு ஆடுகளோடு நின்றதாம், கழுத்தில் பாதிக் கயிறு. கயிறு தானாக அறுந்ததா, யாராவது போகிற போக்கில் அறுத்துவிட்டார்களா, அதை அவள் எழுதவே இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன். கூட வேலை பார்த்த ஒருவர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, 'நீதி எங்கே?' என்றார்.

முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்கிறவர்கள் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் விடிய விடிய ஒரு நாள் உட்காரட்டும். துரியோதனன் சாவான் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனால் சபையில் அவிழ்ந்த கூந்தலைப் பாஞ்சாலி முடிந்துகொள்ளாமல் வைத்திருக்கிறாளே, எப்போது முடிவாள் என்ற அந்த ஒரு கேள்வி, துரியோதனன் விழுகிற படுகளம் வரை ஜனங்களை எழுந்து போகவிடாமல் பிடித்து வைக்கிறது.

உங்களிடம் கேட்பது இதுதான். மாணவர் பக்கத்தில் அந்த 'நீதி' வரியை நிறுத்துங்கள். மாதம் ஒரு தடவையாவது ஒரு கதையை, ஆடு கொல்லையில் நிற்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, மீதியைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். வருவதில் மூன்றை அடுத்தடுத்துப் போட்டால் ஒரே விதை மூன்று விதமாக விளைவதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பரிசெல்லாம் வேண்டாம், பெயர் அச்சில் வந்தால் போதும். 'திடீரென்று' இருக்கிற கதைகளையும் தூக்கிப் போடாதீர்கள், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்கள். கோடு போட ஆளில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள், பகலெல்லாம் நான் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.