கருந்துளை மட்டும் காரணம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரேடியோ கேலக்சிகளை, அதாவது மையக் கருந்துளையின் அருகிலிருந்து இரு புறமும் துகள் தாரைகளைப் பீய்ச்சி ரேடியோ அலைகளை மிகுதியாக வீசும் கேலக்சிகளைப் பற்றி, சென்ற இதழில் வந்த கட்டுரையை என் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆசையாகக் கேட்டார்கள், அதற்கு நன்றி. ஆனால் ‘கருந்துளை பெரியது என்றால் இரண்டாம் வகை, சிறியது என்றால் முதல் வகை’ என்று ஒரே வரியில் முடித்தது மனதை உறுத்துகிறது.

1974-இல் கேம்பிரிட்ஜில் வானியலாளர்கள் பெர்னார்ட் ஃபனராஃபும் ஜூலியா ரைலியும் 57 ரேடியோ மூலங்களை எடுத்துக்கொண்டு ஓர் எளிய கணக்குப் போட்டார்கள். மையத்துக்கு இரு புறமும் மிகப் பிரகாசமாக இருக்கும் இடங்களுக்கு இடையே தூரம் எவ்வளவு? அது மொத்த நீளத்தில் பாதிக்குக் குறைவு என்றால் முதல் வகை, கூடுதல் என்றால் இரண்டாம் வகை. அவ்வளவுதான். அப்படிப் பிரித்த பிறகுதான் ரேடியோ வீச்சு குறைந்தவை பெரும்பாலும் முதல் வகையிலும், மிகுந்தவை இரண்டாம் வகையிலும் விழுவது தெரிந்தது. தாரையின் பலத்துக்கு இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கருந்துளையின் எடையா? 2019-இல் படம் வெளியான, எம்87 என்ற கேலக்சியின் கருந்துளை சுமார் 650 கோடி சூரியன்களின் எடை. சிக்னஸ் ஏ என்ற கேலக்சியில் உள்ளது ஏறக்குறைய 250 கோடிதான். ஆனால் எம்87 முதல் வகை, சிக்னஸ் ஏ இரண்டாம் வகை!

வகுப்பில் ஜன்னலைச் சாத்திவிட்டு ஓர் ஊதுபத்தி கொளுத்தினேன். புகை ஒரு சாண் உயரம் நூல் பிடித்தாற்போல் எழுந்தது, அப்புறம் நெளிந்து, சுருண்டு, கலைந்தது. காரணம் வேறு என்றாலும் முதல் வகைத் தாரை பார்வைக்கு அப்படித்தான். கேலக்சிக்குள் இருக்கும் வாயுவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு, அந்தச் சுமையால் வேகம் தளர்ந்து, புகைபோலப் பரவிவிடுகிறது. சிக்னஸ் ஏ-வின் தாரையோ தளராமல் வெளியேறி, வெகு தூரத்தில் இருக்கும் வாயுவில் போய் மோதுகிறது. மோதும் இடம் பளிச்சென்று பொட்டு வைத்தாற்போல் தெரியும்.

ஆக, தாரை கடந்து போகிற வழிக்கும் இதில் பங்கு இருக்கிறது. 1996-இல் லெட்லோ, ஓவன் இருவரும் இதற்கு நல்ல தடயம் கொடுத்தார்கள். இரு வகைகளையும் பிரிக்கும் எல்லை எல்லா கேலக்சிக்கும் ஒன்றல்ல. கேலக்சி பெரிதாகப் பெரிதாக அது மேலே ஏறுகிறது. சின்ன கேலக்சியில் இரண்டாம் வகையாகும் அளவு ரேடியோ வீச்சு, பெரிய கேலக்சியில் முதல் வகையோடு நின்றுவிடலாம்.

எனக்கு மிகப் பிடித்த சாட்சி வேறு. ஒரு பக்கம் முதல் வகையாகவும் மறு பக்கம் இரண்டாம் வகையாகவும் தெரியும் கலப்பு கேலக்சிகளை 2000-இல் கோபால்-கிருஷ்ணாவும் பால் வீட்டாவும் எடுத்துக்காட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் கருந்துளை ஒன்றேதான். பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது? நாம் பார்க்கும் கோணத்தால் அப்படித் தோன்றுகிறது என்பவர்களும் உண்டு. அந்த விவாதத்தையும் பிள்ளைகள் கேட்கட்டுமே.

அடுத்த முறை சிக்னஸ் ஏ, முதல் வகை கேலக்சியான 3சி 31 இரண்டின் ரேடியோ படங்களையும் அருகருகே அச்சிடுங்கள். நான் செல்போனில் காட்டியபோது, கடைசி பெஞ்சில் இருந்த மாணவி எழுந்து வந்து, “இதுல மட்டும் ஏன் மிஸ் பொட்டு இல்ல?” என்று கேட்டாள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
கோத்தகிரி