பின்பக்கத்துக்கு சீமெந்து வேண்டாம்

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் மகள் சின்னவளும் சுகம். நீ அனுப்பிய காசு வெள்ளிக்கிழமை கிடைத்தது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சின்னவள் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

நம் காம்பரா வீட்டுக்குப் பின்னால் இருக்கிற போஞ்சிப் பாத்தியை மூடி சீமெந்து போடச் சொன்னாய். மண்ணெல்லாம் கிருமி, பிள்ளைக்கு ஆகாது என்றாய். நான் போடப் போவதில்லை.

2021 ஞாபகம் இருக்கிறதா? மே மாதம் ரசாயன உரம் இறக்குமதி செய்யக்கூடாது என்று நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் எல்லாம் கெட்டுவிட்டது. பாத்தியில் போட ஒரு பிடி யூரியா இல்லை. லீக்ஸ் வெளுத்துப்போய் நின்றது. பக்கத்திலேயே போஞ்சி மட்டும் பச்சையாய் இருந்தது. என்னடா இது என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் முழுக்கக் கடுகு போலவும் மிளகு போலவும் முடிச்சு முடிச்சாய் இருந்தது. நோய் பிடித்துவிட்டது என்று பயந்து, அந்த வரிசை முழுவதையும் பிடுங்கி எரித்துவிட்டேன். முப்பது வருஷம் மலையில் வேலை செய்தவளின் புத்தி அது.

சின்னவள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஒருநாள் பாத்தியில் குந்தியிருந்து முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து என் கையில் வைத்தாள். உள்ளே இளஞ்சிவப்பு, பல் முரசு நிறம். அதற்குள்ளே ரைசோபியம் என்ற பற்றீரியா குடியிருக்கிறதாம். காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தானே, அதைப் பிடித்துச் செடி தின்கிற மாதிரி ஆக்கிக் கொடுக்கிறது. செடி பதிலுக்கு அதற்குச் சீனி கொடுக்கிறது. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் இருக்கிற ஈமோகுளோபினுக்குச் சொந்தக்காரனாம். உள்ளே பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம்.

நோய் முடிச்சும் உண்டு, அது வட்டப்புழுவால் வருவது. தேய்த்தால் உதிர்ந்து வருவது நல்ல முடிச்சு. வேரே வீங்கிப்போய், பிய்த்தால் வேரோடு கிழிந்து வந்தால் அது புழு. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வரிசை போஞ்சி மிஞ்சியிருக்கும். யூரியாவை அள்ளிப் போட்டால் இந்த முடிச்சு குறைந்துவிடுமாம். சும்மா கிடைக்கிற இடத்தில் செடி ஏன் பங்கு கொடுக்கப்போகிறது!

தேயிலைக்கு நடுவில் முள்முருங்கை நட்டு, கிளையை வெட்டி வெட்டிக் கீழே போடச் சொல்வார்களே, நிழலுக்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதன் வேரிலும் இதே முடிச்சு. ஆனால் ஒன்று, கிருமியே எல்லாம் பார்த்துக்கொள்ளும் என்று ஒரே நாளில் உரத்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். கொழுந்து இறங்கியது, சம்பளமும் இறங்கியது. அந்தப் பேச்சை நான் நம்ப மாட்டேன்.

இன்னொன்று கேள். வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழும்போது மண் வாசம் வருமே, சின்ன வயதில் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவாய். அந்த வாசத்தைக் கொடுப்பதும் மண்ணில் இருக்கிற ஒரு வகைப் பற்றீரியாதான், ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்று பெயர். 1943இல் அதே குடும்பத்திலிருந்துதான் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். பெயரைக் கேட்டதும் எனக்கு உன் தாத்தா ஞாபகம் வந்துவிட்டார். அவருக்குக் காசநோய் வந்தபோது நாள் தவறாமல் போட்டது அந்த ஊசிதான். அது காதையும் கெடுக்கும். கடைசிவரைக்கும் நாம் கத்திப் பேசினோமே, அதனால்தான். காது போனாலும் ஆள் பிழைத்தார்.

உன் அப்பா தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலையாய் இருந்த காலத்தில், கொழுந்தை அரைத்துப் பரப்பி வைப்பதைப் புளிக்க வைக்கிறது என்பார். அதில் கிருமிக்கு வேலையே இல்லை என்கிறாள் சின்னவள், இலையின் நொதியமும் காற்றும் செய்கிற வேலையாம். இருந்திருந்தால் சின்னவளோடு ஒரு சண்டை பிடித்திருப்பார். தோசை மா புளிப்பதுதான் நிஜமாகவே கிருமி வேலை. இந்தக் குளிரில் அதற்கும் சோம்பல். அடுப்பங்கரையில் கம்பளி போர்த்தி வைத்தால்தான் காலையில் பொங்கி நிற்கிறது.

சின்னவள் புத்தகத்தை மூடிவிட்டு ஒன்று சொன்னாள். தாய்ப்பாலில் ஒரு வகைச் சீனி இருக்கிறதாம், பிள்ளையால் அதைச் செரிக்க முடியாதாம். பிள்ளையின் குடலில் இருக்கிற நல்ல பற்றீரியாவுக்கென்றே தாய் உடம்பு அதைச் செய்கிறதாம். நீ பிளேன் ஏறும்போது அவளுக்கு இரண்டு வயது. அதுவரைக்கும் பால் கொடுத்தாய். "அப்ப அம்மா எனக்கு மட்டுமில்ல, அதுகளுக்கும் சாப்பாடு போட்டிருக்காங்க" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பயப்படாதே, கெட்ட கிருமியும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பீலிக் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். பாத்தியை விட்டு வந்தால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுகிறாள்.

சீமெந்துக் காசில் கக்கூசுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்க் கானைக் கட்டிவிடுகிறேன். அங்கேதான் மழைக்கு ஊத்தைத் தண்ணீர் தேங்குகிறது. இரண்டு மூட்டை போதும் என்று மேசன் சொன்னார். மிச்சத்துக்குக் கூரைத் தகரம் ஒன்று மாற்ற வேண்டும், குசினியில் ஒழுகுகிறது. போஞ்சி இப்போதுதான் பூ விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா