கஞ்சி போட்ட வேட்டி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோபித்துக்கொள்ளாதே. தேங்காய் உரிக்கப் போய் விரலைக் கீறிக்கொண்டேன். அயோடின் மருந்து போடும்போது ஒரு சொட்டு வேட்டியில் விழுந்து, கண்ணெதிரே கருநீலமாகிவிட்டது. மீனாட்சி வடிகஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி! பக்கத்தில் கஞ்சி போடாத பருத்தித் துண்டு கிடந்தது. அதில் வேண்டுமென்றே ஒரு சொட்டு விட்டேன். வெறும் பழுப்புதான். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு அப்புறம் விரல் வலி தெரியுமா?

பருத்தி வேட்டி கிட்டத்தட்ட முழுக்க செல்லுலோஸ், அதாவது செடிகளின் நார்ப்பொருள். அதன் மேல் ஏறியிருப்பது அரிசியின் மாவுச்சத்து. இரண்டையும் உடைத்தால் ஒரே குளுக்கோஸ்தான், கோத்த விதம்தான் வேறு. ஒரு குளுக்கோஸை அடுத்ததோடு கோக்கும் பிணைப்பில் ஆல்பா, பீட்டா என்று இரண்டு விதம். மாவுச்சத்தில் ஆல்பா பிணைப்பு. சங்கிலி சுற்றுக்கு ஆறு குளுக்கோஸாகச் சுருள்கிறது. சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்தால் நீலம். செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. ஒவ்வொரு குளுக்கோஸும் முந்தையதற்குத் தலைகீழாக நிற்பதால் சங்கிலி நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு இறுகிக்கொள்கிறது. அயோடினுக்கு உள்ளே இடமில்லை, நம் வயிற்று நொதிகளுக்கும் பிடி கிடைக்காது. மாடு வைக்கோலைச் செரிக்கிறதே என்பாய். மாட்டுக்கும் தெரியாதப்பா, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பார்க்கிற வேலை அது.

மோனோ (ஒன்று), டை (இரண்டு), ஒலிகோ (சில), பாலி (பல) என்று, கோத்த சர்க்கரைகளின் எண்ணிக்கையை வைத்தே பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தேன். சோற்றையும் வேட்டியையும் ஒரே பெட்டியில் போட்டுப் பாலிசாக்கரைடு என்று சீட்டு ஒட்டிவிட்டேன். பிணைப்பிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆறின சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாதா? அரிசியில் இரண்டு வகை மாவுச்சத்து இருக்கிறது. அமைலோஸ் ஏறக்குறைய கிளையில்லாத சங்கிலி. அமைலோபெக்டினில் 24 முதல் 30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை. ஒட்டும் அரிசியில் அமைலோஸ் மிகக் குறைவு. உதிரியாக வேகும் அரிசியில் அதிகம். கொதிக்கும்போது தண்ணீரைக் குடித்து விரியும் அமைலோஸ் சங்கிலிகள், ஆறும்போது மறுபடி அணிசேர்ந்து இறுகுகின்றன. அந்தப் பகுதியை நொதிகளால் எளிதில் வெட்ட முடியாது. பெருங்குடல் வரை போய் அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. அதனால் சர்க்கரை சற்றுக் குறைவாக ஏறலாம். ஆனால் இப்படி இறுகுவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் குளுக்கோஸாகவே ரத்தத்துக்கு வரும். பழைய சோறுதானே என்று இரண்டு தட்டு வைத்துக்கொள்ளாதே, உன்னை எனக்குத் தெரியும். மாத்திரையை நிறுத்துவதைப் பற்றிப் பேசவே பேசாதே.

கறையைக் கேட்பாய். எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினை நிறமில்லாத அயோடைடாக்கிவிட்டது, நீலம் போன இடம் தெரியவில்லை. பழம்தான் மீனாட்சி ஊறுகாய்க்கு எண்ணி வைத்திருந்ததாம். இரண்டு நாளாக வீட்டில் அதுதான் பேச்சு.

அன்புடன்,
ராமு