டெஸ்ட் என்னும் விருந்தாளி

தஞ்சாவூர்,
ஏப்ரல் 20

அன்புள்ள கதிர்,

நவம்பரில் நீ எழுதிய இரண்டு மின்னஞ்சல்களுக்கும் பொங்கலுக்கு அனுப்பிய வாழ்த்துக்கும் நான் பதில் எழுதவில்லை. வேலை மிகுதி என்று சொல்லித் தப்பிக்கலாம்தான். ஆனால் கணக்கு முடிப்பு மார்ச்சில்தானே வரும், நவம்பரில் உனக்கு என்ன வந்தது என்று நீ கேட்பாய். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மூத்தவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மாடி வீட்டு வாத்தியார் இன்னமும் சைக்கிளில்தான் போகிறார், இன்னமும் நடுரோட்டில்தான் போகிறார். ஊர்ச் செய்தி இவ்வளவே.

நாம் ஐவரும் பங்கு போட்டு வைத்திருந்த வாடகைச் சர்வருக்குள் நவம்பரில் யாரோ புகுந்துவிட்டார்கள். அதிலிருந்து ஆயிரக்கணக்கில் குப்பை மின்னஞ்சல்கள் போகத் தொடங்கியதும் வாடகைக்குத் தந்தவர்கள் அதை நிறுத்திவிட்டு எனக்கு இரண்டு வரிக் கடிதம் அனுப்பினார்கள். யார் எப்போது நுழைய முயன்றார்கள் என்று பதியும் லாக் கோப்பை இறக்கிப் பார்த்தேன். நாள் முழுவதும் உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்த தோல்வியுற்ற முயற்சிகளுக்கு நடுவே, 'டெஸ்ட் என்ற பயனரின் கடவுச்சொல் ஏற்கப்பட்டது' என்று ஒரே ஒரு வரி இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பேக்கப் நிரலை ஓட்டிப் பார்ப்பதற்காக அந்தப் பயனரை உருவாக்கியவன் நான்தான். கடவுச்சொல் என்ன என்று கேட்காதே. கேட்டால் நீ சிரிப்பாய், பிறகு சிரிப்பை நிறுத்துவாய்.

நிறுத்துவாய் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சர்வரில் நம் ஒவ்வொருவரின் அடைவும், அதாவது கோப்புகளை வைக்கும் இடமும், மற்றப் பயனர்கள் படிக்கும்படி திறந்தே கிடந்தது. அதை மாற்றுவது ஒரு வரி வேலை, நான் செய்யவில்லை. உன் அப்பாவின் நிலப் பத்திரங்களை ஸ்கேன் செய்து நீ வைத்திருந்தாயே, ஆதார் நகல்களோடு சேர்த்து, அந்தக் கோப்புகளும் அங்கேதான் இருந்தன. வந்தவன் அவற்றைப் பார்த்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. பார்க்கவில்லை என்பதற்கும் சான்று கிடையாது. ஆகவே பார்த்தான் என்றே வைத்துக்கொண்டு ஆக வேண்டியதைச் செய். இதை நவம்பரிலேயே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்தேன், கதிர். மற்ற மூவருக்கும் இன்றே எழுதுகிறேன், உனக்கு முதலில்.

திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அதற்குள் உனக்குப் பிடித்த செய்தி ஒன்றும் இருக்கிறது. மேலவீதி அறைக்கு நீ ஒரு குறுவட்டு கொண்டுவந்தாய், அட்டையில் உப்பிய பேத்தை மீன் படம் போட்டது. 'இதில் முள் மட்டும்தான் இருக்கிறது, மீன் எங்கே?' என்று நான் கேட்டேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஓபன்பிஎஸ்டி என்ற அந்த இயங்குதளத்தைத்தான் இப்போது சர்வரிலும் என் மடிக்கணினியிலும் அலுவலகக் கணினியிலும் ஓட்டுகிறேன். முள் நிறைய இருக்கிறது. மீனும் இருக்கிறது.

நிறுவும்போது அது கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு வெறுமனே எண்டர் தட்டினேன். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் உள்ளே வரலாமா என்ற கேள்விக்கு அது தானாகவே முன்வைத்த பதில் 'கூடாது' என்பதாக இருந்தது. முதன்முறை உள்ளே போனதும் ரூட்டுக்கு ஒரு கடிதம் காத்திருந்தது, இதைத் தொடங்கிய தியோ த ராட் பெயரில், வருக என்று. என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியலிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய ஒரே திரையில் முடிந்துவிட்டது. ஒவ்வொன்றும் எதற்காக ஓடுகிறது என்று மேன் பக்கத்தை, அதாவது கூடவே வரும் கையேட்டை, திறந்து படித்தேன். பழைய சர்வரில் இத்தனை ஆண்டுகளில் இந்த வேலையை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை. செய்ய நினைத்திருந்தாலும் முடித்திருக்க மாட்டேன். ஃபயர்வால் விதிகள் ஏழு வரிகள். முதல் வரி எல்லாவற்றையும் தடுக்கிறது, மற்றவை தேவையானதை மட்டும் அனுமதிக்கின்றன, ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும். சாதாரணப் பயனர் ரூட்டின் அதிகாரத்தோடு கட்டளை தர, சுடோவுக்குப் பதிலாக டூஆஸ் இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பு என்னிடம் ஒரே வரி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நான் இப்போதுதான் படித்தேன் என்பதால் பொறுத்துக்கொள்: நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட தியோ 1995இல் கனடாவின் கால்கரியிலிருந்து இதைத் தொடங்கினார்; அடுத்த ஆண்டிலிருந்து அவரும் கூட்டாளிகளும் குழுவாக உட்கார்ந்து கோப்பு கோப்பாக மூலநிரலைப் படித்து, பிழையைப் பிழை என்பதற்காகவே திருத்திக்கொண்டு போனார்கள். இந்தப் பிழையால் யாராவது உள்ளே வர முடியுமா என்று ஆராய்வது அவர்களுக்கு இரண்டாம் பட்சம். இந்தப் பழக்கத்தின் பலனை 2024 ஜூலையில் பார்த்தோம். எஸ்எஸ்ஹெச்சில் நுழைய முயல்பவர் குறித்த நேரத்துக்குள் தன்னை உறுதிப்படுத்தாவிட்டால் ஒரு அலாரம் அடிக்கும். அந்த அலாரத்தைக் கையாளும் இடத்தில், பாதி வேலையில் இருக்கும் நினைவக ஒதுக்கீட்டைக் குலைத்துவிடக்கூடிய ஒரு லாக் அழைப்பு, அதாவது நடந்ததைப் பதியச் சொல்லும் கட்டளை, இருந்தது. 2006இலேயே அடைக்கப்பட்ட ஓட்டை; 2020இல் வேறொரு திருத்தத்தின்போது கவனக்குறைவாக மீண்டும் திறந்துகொண்டது. லினக்ஸ் சர்வர் வைத்திருந்தவர்களெல்லாம் அந்த வாரம் ஓடினார்கள். எங்கும் பயன்படும் எஸ்எஸ்ஹெச் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சை எழுதுவதே ஓபன்பிஎஸ்டிக்காரர்கள்தான், ஆகவே பிழையும் அவர்களுடையதே. ஆனால் அவர்கள் வீட்டில் அது கடிக்கவில்லை. அலாரத்துக்குள்ளிருந்தும் ஆபத்தில்லாமல் அழைக்கக்கூடிய ஒரு லாக் அழைப்பை 2001இலேயே எழுதி வைத்து, அந்த இடத்தில் அதைத்தான் பயன்படுத்திவந்தார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பு யாரோ பொறுமையாகச் செய்த ஒரு சின்ன வேலை. இதைப் படித்த இரவில் எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஒரு நிரல் என்ன செய்யலாம் என்று வரையறுக்கும் பிளெட்ஜ், எந்தக் கோப்புகளைப் பார்க்கலாம் என்று வரையறுக்கும் அன்வீல் இரண்டையும் பற்றி நீ மணிக்கணக்கில் பேசக்கூடியவன் என்பதால் ஒரு சம்பவத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் ரசீதை இணையதளத்தில் ஏற்றுவதற்காக ஃபயர்பாக்ஸில் கோப்பைத் தேடினேன். காணவில்லை. முனையத்தில் பார்த்தால் கோப்பு இருக்கிறது; உலாவியில் பார்த்தால் என் வீட்டு அடைவே ஏறக்குறைய காலி. வட்டு கெட்டுவிட்டது என்று எண்ணி வியர்த்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, உலாவியின் கண்ணுக்கு என் கோப்புகளில் டவுன்லோட்ஸ் அடைவைத் தவிர ஏறக்குறைய வேறெதையும் காட்டாதபடி கட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஏதோ ஒரு கெட்ட பக்கம் உலாவியைக் கைப்பற்றினாலும் என் கோப்புகளில் அதன் கைக்கு எட்டுவது ஏறக்குறைய அந்த ஒரு அடைவுதான். ரசீதை அங்கே நகலெடுத்து ஏற்றிவிட்டு, நவம்பரில் திறந்து கிடந்த உன் அடைவை நினைத்துக்கொண்டேன்.

இனி முட்கள். இதன் கோப்பு முறைக்கு ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு, கிடையாது. மின்சாரம் போய் மீண்டும் எழும்போது வட்டு முழுவதையும் சரிபார்க்கிறது, சில சமயம் பாதியில் நின்று 'நீயே சரிசெய்' என்கிறது. எங்கள் தெருவில் மின்தடை எவ்வளவு அடிக்கடி என்பது உனக்குத் தெரியும். அலுவலகத்தில் மேசைக் கணினிக்கு யுபிஎஸ் வாங்கிய பிறகே அதில் இதைப் போட்டேன். புளூடூத்தை 2014இல் எடுத்தே எறிந்துவிட்டார்கள், எழுதியிருந்த விதம் பிடிக்கவில்லை என்று. மகள் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்த ஹெட்ஃபோன் மேசை மேல் கிடக்கிறது. அவளோடு முதன்முறை காணொளியில் பேசியபோது என் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. மைக்கிலிருந்து மௌனத்தை மட்டும் பதிவுசெய்வதுதான் இயல்பான அமைப்பாம், நாமாகத்தான் அனுமதி தர வேண்டும். 'அப்பா வாயசைப்பது மட்டும் நன்றாகத் தெரிகிறது' என்றாள். டிஜிட்டல் கையொப்பச் சாவிக்கு வேண்டிய மென்பொருள் இதில் ஓடுவதில்லை, ஆகவே வரி வேலைக்கு இன்னொரு கணினி அப்படியே இருக்கிறது. வேகமும் ஒரு மாற்றுக் குறைவுதான்.

எதையும் மாற்றாத இயல்பான நிறுவலில், தொலைவிலிருந்து நுழையக்கூடிய ஓட்டைகள் நீண்ட நெடுங்காலத்தில் இரண்டே இரண்டு என்று அவர்கள் இணையதள முகப்பிலேயே எழுதி வைத்திருப்பதை நம் சங்கர் அண்ணன் கேலி செய்வார்: கடையைத் திறக்காதவனிடம் திருட்டு எப்படி நடக்கும் என்று. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதிதான். கடை பூட்டியிருந்தால், எந்தக் கதவை எதற்காகத் திறக்கிறோம் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. மறு பாதி எனக்கு உறைப்பது வேறு விதத்தில்: டெஸ்ட் என்ற பயனரை, அதே கடவுச்சொல்லோடு, ஓபன்பிஎஸ்டியில் உருவாக்கியிருந்தாலும் அது மறுப்பே சொல்லாமல் உள்ளே விட்டிருக்கும். பழைய சர்வரில் ஓடிய லினக்ஸ் மீது இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆகவே புதிய சர்வரில் கடவுச்சொல்லால் நுழைவதையே நிறுத்திவிட்டேன், அவரவர் கணினியில் இருக்கும் சாவிக் கோப்பு மட்டும்தான். அடைவுகள் உரியவர் மட்டுமே படிக்கும்படி பூட்டப்பட்டிருக்கின்றன. திருத்தங்களைப் பெற வாரம் ஒருமுறை சிஸ்பேட்ச் ஓட்டுகிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய வெளியீட்டுக்கு சிஸ்அப்கிரேட் என்று ஒரே கட்டளை.

நீ செய்ய வேண்டியது: அந்தச் சர்வரில் வைத்திருந்த கடவுச்சொல்லை வேறெங்கெல்லாம் பயன்படுத்தினாயோ அங்கெல்லாம் இன்றே மாற்று. நிலத்துக்கு வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்த்துவிடு. அதற்கான செலவு என்னுடையது, இதில் பேச்சு வேண்டாம். உன் தம்பியிடமும் சொல்லிவிடு, அல்லது நானே சொல்ல வேண்டும் என்று நீ நினைத்தால் அவன் எண்ணை அனுப்பு. உன் கோப்புகளின் பழைய பேக்கப் என்னிடம் குறியாக்கம் செய்த வட்டில் இருக்கிறது. புதிய இடத்தில் மீண்டும் வைக்கவா, அழித்துவிடவா என்பதை நீதான் சொல்ல வேண்டும்.

வைக்கச் சொன்னால் எஸ்எஸ்ஹெச் சாவி ஒன்றை உருவாக்கி அதன் பொதுப் பாதியை அனுப்பு. பப் என்று முடியும் கோப்பு, ஒரே நீண்ட வரி. மற்றதை அனுப்பிவிடாதே, அந்த முறை வாட்ஸாப் குழுவில் போட்டாயே, அதுபோல.

உன்,
மாணிக்கம்